முகப்புப் பலகை

கொங்கு நாட்டின் நடுநாயகமாக விளங்குவது கோவை. நூற்பாலைகளாலும் நீரிறைக்கும் எந்திரங்களாலும் புகழ்பெற்ற அந்நகருக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள தொடர்பு நெடியது. 1920ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். 1970களில் கோவையில் தோன்றிய பிரிக்கால் நிறுவனம், பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலை அமைத்து, வண்டியின் வேகத்தையும் எண்ணெய் அளவையும் காட்டும் கருவிகளைச் செய்யலாயிற்று. இருசக்கர வண்டி, கார், டிராக்டர் எனப் பலவகை ஊர்திகளுக்கும் அந்நிறுவனம் இன்று கருவிகள் செய்து தருகிறது.

இக்கருவிகள் பொருந்தியிருக்கும் முகப்புப் பலகையை ஆங்கிலத்தில் ‘டேஷ்போர்டு’ என்பர். இப்பெயர் குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தது. குதிரையின் குளம்புகள் வாரியடிக்கும் சேறு வண்டியோட்டியின்மேல் தெறியாவண்ணம் முன்புறத்தில் ஒரு மறைப்புப் பலகை வைத்தனர். குதிரை போயிற்று, பொறி வந்தது, பலகையின் பெயர் மட்டும் நிலைத்தது. சேற்றைத் தடுத்த பலகை செய்தியைச் சொல்லும் பலகையாயிற்று.

அப்பலகையில் முதலிடம் பெற்றது வேகமானி. காந்தத்தால் இயங்கும் வேகமானிக்கு 1902இல் ஜெர்மனியில் ஆட்டோ ஷூல்ட்சே என்பவர் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் சுழற்சி ஒரு முறுக்குக் கம்பியின் வழியே வந்து காந்தத்தைச் சுழற்றும். அதனைச் சூழ்ந்துள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டம் தோன்றும். அதன் விளைவாகக் கிண்ணமும் காந்தத்துடன் திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுக்கும். இவ்விரு விசைகளும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். ஒரு முள் ஒரு செய்தியையே சொல்லிற்று. அதனைத் தெளிவாகச் சொல்லிற்று.

இன்றோ முள்ளின் இடத்தில் மின்திரை அமர்ந்துள்ளது. உணர்கருவிகள் அனுப்பும் குறிப்புகளைச் சிறு கணிப்பொறி ஒன்று ஆய்ந்து, எண்ணாகவும் படமாகவும் திரையில் வரைகிறது. ஒரே திரையில் நூறு செய்திகளைக் காட்டலாம். ஆனால் நூறையும் காட்டலாமா என்பதே வடிவமைப்பாளர் முன் நிற்கும் கேள்வி.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் இரண்டு நொடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் தொலைவைச் சாலையைக் காணாமலே கடந்துவிடுவார். வண்டிக்குள் உள்ள கருவிகளை நோக்கும் ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மேற்படலாகாது என 2013இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை வழிகாட்டியது. ஆகவே முகப்புப் பலகைக்குச் சொற்சுருக்கமே முதற் பண்பு.

ஓட்டுநருக்குத் துணைசெய்யும் பொறிகள் வந்தபின் இப்பணி மேலும் அரிதாயிற்று. முன்கண்ணாடியின் பின்னுள்ள காமிரா சாலைக் கோடுகளைக் காண்கிறது. ரேடார் முன்செல்லும் வண்டியின் தொலைவை அளக்கிறது. அவற்றைக் கொண்டு வண்டி தானே வேகத்தைக் குறைக்கும். தடம் விலகினால் திருப்பும். மோதும் நிலை நேர்ந்தால் தடையை அழுத்தும். பொறியின் பங்கைப் பொறியியலார் சுழி முதல் ஐந்து வரை ஆறு படிகளாகப் பகுத்துள்ளனர். இரண்டாம் படியில் பொறி திசையையும் வேகத்தையும் சேர்ந்தே கவனிக்கும். ஆயினும், சாலையை விழிப்புடன் நோக்கும் கடமை ஓட்டுநரை விட்டு நீங்குவதில்லை.

இங்கேதான் இடர் பிறக்கிறது. பொறி பார்த்துக்கொள்ளும் என்று மனிதர் எண்ண, அப்பொறியோ பணியை நிறுத்தியிருந்தால் என்னாகும்? ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய சாலையில் மூடுபனி சூழ்ந்தாலோ கோடுகள் அழிந்திருந்தாலோ காமிராவுக்குத் தடம் புலப்படாது. தடம் காக்கும் பொறி ஓய்ந்துவிடும். திரையின் மூலையில் ஒரு சிறு குறி பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறினால் மட்டும் போதுமா? வளைவில் கண்ணூன்றிய ஓட்டுநர் அதனைக் காணார். செய்தி திரையின் நடுவில் தோன்ற வேண்டும். ஒலியும் உடன்வர வேண்டும். திருப்புவளையம் அதிர்ந்து கைக்கும் உணர்த்த வேண்டும்.

ஆனால் எதற்கெடுத்தாலும் ஒலித்தலும் தீது. ‘புலி வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை அறியாதார் யார்? வீணாக ஒலிக்கும் எச்சரிக்கையை ஓட்டுநர் வெறுத்து அணைத்துவிடுவர். ஆதலின் செய்திகளைத் தரம் பிரித்தல் வேண்டும். உடனடி இடருக்குச் சிவப்பு, முன்னெச்சரிக்கைக்கு மஞ்சள், இயல்பான இயக்கத்துக்குப் பச்சை என்பது பல நாடுகளும் கைக்கொண்ட முறை. உயிருக்கு இடர் தருவனவே ஒலியோடு வரவேண்டும். மற்றவை அமைதியாக நிற்கலாம்.

பொறி எதனைக் காண்கிறது என்பதையும் திரை காட்டுதல் நன்று. முன்செல்லும் லாரி திரையில் தோன்றி, பக்கத்தில் வரும் மிதிவண்டி தோன்றாவிடில், பொறி அதனைக் காணவில்லை என ஓட்டுநர் உணர்வார், தாமே விழிப்படைவார். நண்பகல் வெயிலிலும் எழுத்து மங்கலாகாது. இரவிலோ அதன் ஒளி கண்ணைக் கூசச் செய்யலாகாது. வெள்ளெழுத்துள்ள முதியவரும் ஒரே நோக்கில் படித்தறிய வேண்டும்.

தன் ஆற்றலை மட்டுமன்றித் தன் எல்லையையும் ஒளியாமல் உரைப்பவனே நல்ல துணைவன். முகப்புப் பலகைக்கும் அதுவே இலக்கணம். “இவ்வளவு தூரம் நான் பார்த்தேன், இனி நீர் பார்த்துக்கொள்ளும்” என்று உரிய நேரத்தில் கூறும் பலகையே உயிர்காக்கும் பலகையாகும்.