நெல்லும் காசும்: புதுவை உணவு மானியச் சிக்கல்

வறியோர்க்கு அரசு வழங்கும் உதவி பண்டமாக அமைதல் நன்றோ, பணமாக அமைதல் நன்றோ என்னும் வினாவைப் பொருளியலாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தமிழாராய்ச்சியாளர் விலகி நிற்பது வழக்கம். அவ்வழக்கம் பொருந்துவதன்று. கொடையின் பொருள் யாது, அளவு யாது, காலம் யாது என்பவற்றை நம் கல்வெட்டுகள் நுணுகி வரையறுத்துள்ளன. அவ்வரையறைகள் இன்றைய வழக்கொன்றிற்கு எங்ஙனம் ஒளி தருகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

புதுவைப் பகுதி, பிரெஞ்சு ஆட்சிக்கால எல்லைகளின் விளைவாகத் தொடர்ச்சியின்றித் துண்டு துண்டாகக் கிடப்பது. நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சார்ந்த மடுகரை அத்தகைய எல்லையூர்களுள் ஒன்று, அடுத்திருப்பது தமிழ்நாடு. மண்ணும் பயிரும் பேச்சும் இருபாலும் ஒன்றே. ஆயினும் உணவு உதவி வேறுபட்டது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. புதுவையிலோ, 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிய தானியத்திற்கு ஈடாக, 2015 செப்டம்பர் முதல் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை புகுத்தப்பட்டது. சண்டிகரும் அப்பொழுதே அம்முறையை ஏற்றது. ஒரு வரப்பின் இருபுறத்தும் இருவேறு கொள்கைகள் செயற்பட்டன எனலாம்.

புதுவை அரசு தன் பொறுப்பில் வழங்கிவந்த இலவச அரிசியைப் பற்றியே பெரும்பூசல் எழுந்தது. அரிசியே தரவேண்டும் என்றார் முதலமைச்சர் நாராயணசாமி. பணமே தரவேண்டும் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் ஆளுநர் மாளிகை முன் அமர்ந்து நடத்திய அறப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. மத்திய அரசு பணமுறையையே ஆதரித்தது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் முதலமைச்சரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதிகாரம் யாருடையது என்பதே அவ்வழக்கில் முதன்மை பெற்றது. உண்பவர் நிலை அதன் நிழலில் மறைந்தது என்பது எம் கருத்து.

சிவப்பு அட்டைக் குடும்பத்திற்கு 20 கிலோ அரிசிக்கு ஈடாக 600 ரூபாய் எனவும், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவிற்கு ஈடாக 300 ரூபாய் எனவும் கணக்கிடப்பட்டது. கிலோ 30 ரூபாய் என்பது அதன் அடிப்படை. அங்காடி விலை 40 ரூபாய் ஆயின் அதே 600 ரூபாய்க்கு 15 கிலோவே கிடைக்கும். கொடையின் அளவை யாரும் குறைக்கவில்லை. ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் கால் பங்கு மறைந்துவிடுகின்றது. விலையேற்றத்தின் சுமை அரசின் தோளிலிருந்து கூலியாளின் தோளுக்கு ஓசையின்றி மாறும் இடம் இதுவே.

இவ்விடர்ப்பாட்டை முன்னோர் அறிந்திருந்தனர். கோயில்களில் நந்தா விளக்கு எரிக்கப் பெரும்பாலும் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் குறிக்கும். ஆடு சாவாதோ, மூவாதோ எனின், சாகும், மூக்கும். ஆயின் ஏற்றுக்கொண்ட இடையன் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பி, நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். நெய்யின் விலை ஏறினும் இறங்கினும் விளக்கிற்குக் குறைவில்லை. பொன்னை முதலாக இட்ட இடத்தும், ஊர்ச்சபையார் அதற்குரிய பொலிசையை நெல்லாக அளக்க உடன்பட்ட கல்வெட்டுகள் பலவுள. மடுகரைக்கு அண்மையிலுள்ள பாகூரின் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறும். அதுவும் விளைவைத் தரும் கொடையே. இக்கொடைகளின் பயனை நுகர்ந்தோர் கோயிலாரும் கற்றோருமேயன்றி, உழுதும் நட்டும் வாழ்ந்த வறியோர் அல்லர். யாம் கொள்வது அவற்றின் நோக்கத்தையன்று, வரையறுக்கும் முறையையே.

இதனால் அரிசியே எஞ்ஞான்றும் சிறந்தது என்று முடிவு கட்டுதல் இயலாது. ரேஷன் அரிசியின் தரக்குறைவும், எடைக்குறைவும், கடை திறக்கும் நாளறியாது அலைதலும் பழங்குறைகள். நடவுக் காலத்தில் ஒருநாள் வரிசையில் நிற்பவள் ஒருநாட் கூலியை இழக்கின்றாள். பணமுறை தொடங்கிய பின்னர் ஆராய்ச்சியாளர் புதுவை உள்ளிட்ட பகுதிகளில் பல சுற்றுகளாகப் பயனாளிகளை வினவினர். பணம் வந்ததை அறியாதோர் இருந்தனர்; வங்கிக்கும் அங்காடிக்கும் செல்லும் செலவும் நேரமும் கூடின; எனினும் சுற்றுதோறும் பணமுறையை விரும்புவோர் தொகை வளர்ந்தது. தாம் விரும்பும் அரிசியைத் தாமே தேர்ந்து வாங்குதல் சிறிய உரிமையன்று. வள்ளுவர் நல்குரவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின் இரவிற்கும் இரவச்சத்திற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததை நோக்குக. இன்மை வேறு, பிறர்முன் நிற்கும் துன்பம் வேறு. பின்னதைப் பணமுறை ஓரளவு குறைக்கின்றது.

சொல்லாட்சியும் கருதத்தக்கது. 'இலவசம்' என்றவிடத்துத் தருவோன் வள்ளலாகின்றான். 'விலையில்லா அரிசி' என்றவிடத்து வள்ளல் சற்றே மறைகின்றான். 'உரிமைத்தொகை' என்றவிடத்துத் தருவோன் கடனாளியாகின்றான். தமிழ்நாட்டு ஆட்சித்தமிழ் இம்மூன்றையும் கையாண்டுள்ளது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர்க்கான திட்டம் 'உரிமை' என்னும் பெயரையே பூண்டது. ஆயினும் அதன் மாதத்தொகையாகிய 1,000 ரூபாயும் எண்ணால் வரையறுக்கப்பட்டதே. பெயர் உரிமையாயினும் விலையேற்றத்திற்கு அது விலக்கன்று.

புதுவையில் மூடிக்கிடந்த நியாய விலைக் கடைகள் 2024 அக்டோபரில் தீபாவளியையொட்டி மீண்டும் திறக்கப்பட்டன. இனி எம்முறை நிலைப்பினும், ஆணையில் ரூபாய்க் கணக்கோடு கிலோக் கணக்கும் எழுதப்படுதல் வேண்டும்; 20 கிலோ அரிசியின் அவ்வப்போதைய ஊர் விலையே தொகையாதல் வேண்டும். அவ்விலையை யார் அளந்து சொல்வது, நெட்டப்பாக்கம் அங்காடியிலா புதுவைப் பெருஅங்காடியிலா அளப்பது என்பன ஆணை எழுதுவோர் தீர்க்கவேண்டிய வினாக்கள்.