சவுண்ட் லைப்ரரி வாங்குவதா, நாமே தயாரிப்பதா?

கம்ப்யூட்டரில் இசையமைக்கப் பழகுபவர்கள் முதலில் கேட்பது, "எந்த சவுண்ட் லைப்ரரி வாங்கலாம்?" என்பதுதான். வயலின், மிருதங்கம் போன்ற வாத்தியங்கள் வேண்டுமானால் வாங்கிவிடுங்கள். கலைஞர்கள் வாசித்ததை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து தருகிறார்கள். சிந்தசைஸரில் அதற்கு முயல்வது வீண் வேலை. ஆனால், பல லைப்ரரிகளுக்கு 'கான்டாக்ட்' மென்பொருளின் முழுப் பதிப்பு தேவை. இலவச கான்டாக்ட் பிளேயரில் அவை 15 நிமிடம்தான் இயங்கும். பணம் கட்டும் முன் பார்த்துக் கொள்ளவும்.

பாட்டின் பின்னணியில் படர்ந்து நிற்கும் 'டெக்ஸ்ச்சர்' ஒலியை மட்டும் வாங்க வேண்டாம் என்பேன். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ல் புது ஒலி அமைப்பது கடினம். பலரும் அதிலிருந்த ஒலிகளையே வாசித்தார்கள். ஒரே எலக்ட்ரிக் பியானோ எத்தனையோ பாடல்களில் கேட்டது. இன்று விற்கும் லூப்களிலும் இதே கதைதான். அதே லூப் வேறொருவர் பாட்டில் இருந்தால், யூடியூபின் கன்டென்ட் ஐடி உங்கள் வீடியோவுக்கு உரிமை கோரவும் கூடும்.

எங்கள் பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. செல்போனில் 10 விநாடி, வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். தறிக்கூடத்துக்கு உள்ளே வேண்டாம், மைக் தாங்காது, வாசலே போதும். இலவச ஆடாசிட்டியில் திறந்து, எஃபெக்ட் மெனுவில் பால்ஸ்ட்ரெட்ச் மூலம் 10 மடங்கு நீட்டுங்கள். தடதடப்பு கரைந்து, 100 விநாடிக்கு நீண்ட ரீங்காரம் கிடைக்கும். அதை இலவசமாகக் கிடைக்கும் 'வைட்டல்' சிந்தசைஸரின் சாம்ப்ளர் பகுதியில் இழுத்துப் போடுங்கள். அட்டாக் நேரத்தைக் கூட்டினால் ஒலி மெதுவாக எழும். கீட்ராக்கை இயக்க மறக்காதீர்கள். இல்லையேல் எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே ஸ்ருதிதான்.