முழங்காற் கவசம் காக்குமா?

வடகரப்பதியிலாயினும் மும்பையிலாயினும், சடுகுடு ஆடும் நம் இளைஞர் பலர் முழங்காலுறை அணிகின்றனர். அது காயத்தைத் தடுக்குமா?

மோதியாடும் அமெரிக்கக் காற்பந்தில், முன்வரிசையில் நின்று எதிரியைத் தடுப்போர் கீல் பொருத்திய கவசம் அணிவதுண்டு. 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அணிந்தோர்க்கே காயம் மிகுந்தது என்றது. 1990-இல் வெளியான வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரி ஆய்வோ, 1,396 மாணவரைக் கண்டு, காயம் குறைந்தது என்றது. ஆதலின் ஐயம் முற்றும் நீங்கவில்லை.

கீல், பக்கவாட்டில் விழும் அடியை ஓரளவு தாங்கும். காலூன்றித் திரும்புகையில் உள்ளே அறும் தசைநாரை அவ்வளவாகக் காவாது. துணியுறைக்கோ அடியைத் தாங்கும் வலுவே இல்லை. உழைத்துண்பார்க்குக் காலே முதல். தொடையை வலுப்படுத்தி, முறையாகக் குதித்திறங்கப் பழகுவோம். வீங்கிய முழங்காலுடன் உறையை நம்பிக் களம் புகாதிருப்போம்.