சர்க்கார் தவறு செய்தால் யார் பொறுப்பு?

ஒரு குதிரைக்கு அடிபட்டது. அதன் சொந்தக்காரர்கள் கேட்ட நஷ்ட ஈடு 350 ரூபாய். ஆனால் அந்த வழக்கைப் பற்றி நூற்றறுபது வருஷங்களுக்கு மேலாக இந்தியக் கோர்ட்டுகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காரணம், அதில் பிரதிவாதி சர்க்கார்!

கல்கத்தாவில் கிதர்பூர் கப்பல் பட்டறை அப்போது சர்க்காருக்குச் சொந்தம். பட்டறை ஆட்கள் கனத்த இரும்புச் சாமான் ஒன்றைச் சுமந்துகொண்டு ரஸ்தாவில் போய்க்கொண்டிருந்தார்கள். 'பி அண்ட் ஓ' கப்பல் கம்பெனியின் இரட்டைக் குதிரை வண்டி அவ்வழியே வந்தது. வண்டி நெருங்கியதும் கலவரமடைந்த ஆட்கள் இரும்பைத் தடாலென்று கீழே போட்டார்கள். ஓசையில் மிரண்ட குதிரைகள் பாய்ந்தன. ஒன்று இரும்பின்மீது விழுந்து காயமடைந்தது.

1861-ம் வருஷம் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதி ஸர் பார்ன்ஸ் பீகாக் தீர்ப்பளித்தார். கப்பல் பட்டறை நடத்துவது எந்த வியாபாரியும் செய்யக்கூடிய தொழில். அதில் சிப்பந்திகள் அஜாக்கிரதையாக இருந்தால், வியாபாரியைப் போலவே சர்க்காரும் பொறுப்பாளிதான். ஆனால் ராஜ்யாதிகாரம் படைத்தவர் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் வேறு. அவற்றுக்காகச் சர்க்கார்மீது வழக்குத் தொடர முடியாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

குதிரைக்காரர்கள் ஜயித்தார்கள். ஆனால் கூடவே ஒரு கோடும் கிழிக்கப்பட்டுவிட்டது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 300-வது ஷரத்து, புதுச் சட்டம் இயற்றப்படும்வரை இந்த விஷயத்தில் பழைய நிலையே நீடிக்கும் என்றது. ஆகவே கம்பெனியார் காலத்துக் கோடு குடியரசிலும் அழியவில்லை.

ஜீப்பும் தங்கமும்

மன்னர் தவறே செய்யமாட்டார் என்பது இங்கிலாந்தின் பழைய சட்டக் கொள்கை. அங்கேயே 1947-ல் சட்டம் இயற்றி அதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். நம் திருவாரூர்க் கதையோ இதற்கு நேர்மாறானது. கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், தேரை ஓட்டியவன் தன் மகன் என்று தெரிந்தும் மனுநீதிச் சோழன் தப்பிக்க வழி தேடவில்லை. சுதந்திர இந்தியாவின் சர்க்கார்கள் எந்த வழியில் சென்றன? இரண்டு வழக்குகள் பதில் சொல்லும்.

1952-ல் ராஜஸ்தானத்து உதயப்பூரில், ஜில்லா கலெக்டரின் ஜீப்பைப் பழுது பார்த்துத் திருப்பி ஓட்டிவந்த டிரைவர், நடைபாதையில் சென்ற ஒருவர்மீது மோதினார். அவர் மூன்று நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் நிர்க்கதியாயினர். ஹைகோர்ட்டு அவர்களுக்கு 15,000 ரூபாய் அளித்தது. ராஜஸ்தான் சர்க்கார் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அப்பீலைத் தள்ளுபடி செய்த சுப்ரீம் கோர்ட்டு, தனி முதலாளியைப் போலவே சர்க்காரும் தன் டிரைவரின் தவறுக்குப் பொறுப்பாளி என்று 1962-ல் சொல்லிவிட்டது.

மற்ற வழக்கு தங்கத்தைப் பற்றியது. அமிர்தசரஸ் வியாபாரி ஒருவர் 1947 செப்டம்பரில் தங்கம், வெள்ளி விற்க மீரட்டுக்கு வந்தார். நள்ளிரவில் போலீஸார் அவரைச் சந்தேகத்தின்பேரில் பிடித்து, 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் கைப்பற்றினர். இன்றைய கணக்கில் அந்தத் தங்கம் சுமார் 150 சவரன். மறுநாளே அவர் ஜாமீனில் வெளிவந்தார். வெள்ளி திரும்பக் கிடைத்தது. தங்கம் கிடைக்கவில்லை. பொறுப்பிலிருந்த ஹெட் கான்ஸ்டபிள் அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார்!

போலீஸார் அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பதை சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1964-ல் வழக்குத் தோற்றது. கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் ராஜ்யாதிகாரக் காரியங்களாம். ஆகவே சர்க்கார் பொறுப்பில்லையாம். இந்த நிலை திருப்திகரமாக இல்லை, சட்டசபைகள் சட்டம் இயற்றவேண்டும் என்று நீதிபதிகளே வற்புறுத்தினார்கள். சட்டக் கமிஷன் 1956-ல் அளித்த முதல் அறிக்கையே இந்தப் பொருளைப் பற்றியதுதான். பின்னால் மசோதாக்களும் வந்தன. ஒன்றும் சட்டமாகவில்லை.

கோடு தேய்ந்த கதை

சட்டசபை செய்யாததைக் கோர்ட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது. பீகாரில் ஒருவர் விடுதலையான பிறகும் 14 வருஷம் சிறையிலேயே அடைபட்டுக் கிடந்தார். 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு, உரிமையியல் வழக்குக்குக் காத்திராமல், ரிட் மனுவிலேயே அவருக்கு நஷ்ட ஈடு வழங்கியது. ஒரிஸ்ஸாவில் போலீஸ் காவலில் இருந்த 22 வயது இளைஞர் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 1993-ல் அவருடைய தாயாருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. உயிரும் சுதந்திரமும் அடிப்படை உரிமைகள். அவை பறிக்கப்பட்டபோது ராஜ்யாதிகாரம் என்ற கேடயம் செல்லாது என்று கோர்ட்டு தெளிவுபடுத்தியது. 1994-ல், சர்க்கார் அதிகாரிகள் கைப்பற்றிவைத்துக் கெட்டுப்போக விட்ட உரத்துக்கும் சர்க்காரே பொறுப்பு என்று ஓர் ஆந்திர வியாபாரியின் வழக்கில் தீர்ப்பாயிற்று.

ஆனால் வெற்றிக்கு எத்தனை காலம்? மகாராஷ்டிரத்தில் 1963-ல் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் துணியை மறந்து வைத்துவிட்டதால் ஒரு பெண் இறந்தார். சர்க்கார் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவாகச் சொன்னது 1996-ல். இடையில் ஓடியவை 33 வருஷங்கள்!

எந்தக் கதவைத் தட்டுவது?

எல்லாவற்றுக்குமான ஒரே சட்டம் இல்லாததால், கதவு தெரிந்து தட்டவேண்டியிருக்கிறது. அரசு பஸ்ஸோ ஜீப்போ மோதினால் மோட்டார் விபத்து டிரிப்யூனலுக்குப் போகலாம். விபத்து நடந்த இடம் எங்கிருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊரின் டிரிப்யூனலிலேயே மனுப் போடலாம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற விதி அமலுக்கு வந்திருக்கிறது. ரயில் விபத்தானால் ரயில்வே கிளெயிம்ஸ் டிரிப்யூனல். கெடு ஒரு வருஷம். காவலில் மரணம் போன்ற அநீதிகளுக்கு ஹைகோர்ட்டில் ரிட் மனு. மற்றவற்றுக்கு சிவில் கோர்ட்டு.

அறுந்து விழுந்த மின்கம்பி பற்றி முக்கியமான தீர்ப்பு ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மழை நாள் இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர், தெருவில் கிடந்த கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ மின்சாரம் திருடிய கம்பி அது என்றது மின்சார போர்டு. அந்தச் சாக்கை 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. அபாயகரமான சரக்கைக் கையாளுபவர், அஜாக்கிரதை நிரூபிக்கப்படாவிட்டாலும், அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்றது.

சிவில் கோர்ட்டுக்குப் போகிறவர் மறக்கக்கூடாதது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு. சர்க்கார்மீது வழக்குப் போடுமுன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். மாநில சர்க்காரானால் அதன் செயலாளரிடமோ ஜில்லா கலெக்டரிடமோ, ரயில்வேயானால் ஜெனரல் மானேஜரிடமோ அது சேரவேண்டும். பெயர், விலாசம், நடந்தது என்ன, கேட்பது என்ன என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். மிக அவசரமானால் கோர்ட்டின் அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமலே வழக்குப் போடலாம். இரண்டு மாத அவகாசத்தின் நோக்கம், கோர்ட்டுக்குப் போகாமலே நியாயமான கோரிக்கையைச் சர்க்கார் தீர்த்துவைக்கவேண்டும் என்பதுதான். நடைமுறையிலோ பல நோட்டீஸ்கள் பதிலின்றிப் பைல்களில் உறங்குகின்றன.

இன்னொன்று: கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளன்று கொடுத்த மனு, தானாகவே 80-வது பிரிவு நோட்டீஸ் ஆகிவிடாது. மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருப்பவருக்காகக் காலக்கெடுவும் காத்திருக்காது. வழக்கின் வகையைப் பொறுத்து அது ஒரு வருஷமாகவும் இருக்கலாம், மூன்று வருஷமாகவும் இருக்கலாம். நோட்டீஸுக்கான இரண்டு மாதம் மட்டுமே கெடுவில் கழிக்கப்படும்.

பஸ்ஸை நிறுத்திய அமீனா

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று: பஸ் நிலையத்தில் பிரயாணிகள் ஏறி உட்கார்ந்திருக்கையில் கோர்ட்டு அமீனா வந்து அரசு பஸ்ஸை ஜப்தி செய்கிறார். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, அதன் பின்னாலோ ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கும். அரசுப் போக்குவரத்து நிறுவனங்கள் தனியாக நிதி ஒதுக்கி வைத்தால், இன்ஷூரன்ஸ் எடுப்பதிலிருந்து சட்டம் அவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. அப்படி விலக்குப் பெற்றால், நஷ்ட ஈட்டைத் தரவேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி அல்ல, பஸ் நிறுவனமே. அது தாமதித்தால் ஜப்திதான் வழி.

பெரும்பாலும் வழக்கு ஜயிப்பதும் தோற்பதும் முதல் சில நாட்களில் சேர்க்கும் காகிதங்களில்தான். போலீஸ் முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், மருந்துக் கடைப் பில்கள், சம்பளச் சான்று, இடிந்த சுவர் அல்லது நொறுங்கிய வண்டியின் போட்டோ, பார்த்தவர்களின் பெயர், விலாசம் ஆகிய எல்லாவற்றையும் பத்திரப்படுத்தவேண்டும். ஆபீஸ்களில் உள்ள தஸ்தாவேஜுகளை 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் தயங்கவேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எதுவானாலும் அவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே அதற்கான கமிட்டி இருக்கிறது.

நஷ்ட ஈடு சர்க்கார் போடும் பிச்சையன்று; அது கொடுக்கவேண்டிய கடன். உதயப்பூரின் விதவைத் தாய் கடைசிவரை போராடியதால்தான், சர்க்கார் வண்டி மோதிய எத்தனையோ குடும்பங்கள் இன்று கோர்ட்டில் தலைநிமிர்ந்து நிற்க முடிகிறது. ஆராய்ச்சி மணி இப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கயிறு எங்கே இருக்கிறது என்று தெரிந்து, காலத்தோடு இழுக்கவேண்டும்.