4 லட்சம் பேரைப் படுக்க வைத்த குழாய்த் தண்ணீர்!

"குளோரின் மருந்து போட்ட தண்ணீர்தானே! அப்படியே குடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மில்வாக்கி நகரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மில்வாக்கி, அமெரிக்காவில் மிச்சிகன் என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரித் தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலந்து, வீடுகளுக்குக் குழாயில் விடுவார்கள்.

1993-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், அங்கே வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு கண்டது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்தார்கள். ஆசிரியர்களும் படுத்துவிட்டார்கள். மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கு மருந்து தீர்ந்துபோயிற்று!

காரணம் என்ன?

டாக்டர்கள் நோயாளிகளின் மலத்தைச் சோதித்தார்கள். ஏப்ரல் 7-ந் தேதி குட்டு வெளிப்பட்டது. அது ஒரு குடல் ஒட்டுண்ணி. பெயர் கிரிப்டோஸ்போரிடியம். கண்ணுக்குத் தெரியாது. 200 கிருமிகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்!

குளோரினுக்கு அஞ்சாத கிருமி

இந்தக் கிருமியைச் சுற்றிக் கெட்டியான ஓடு இருக்கிறது. தண்ணீரில் வழக்கமாகப் போடும் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. வடிகட்டிதான் தடுக்க வேண்டும். அந்த நாட்களில் நகரின் தெற்கு நிலையத்தில் வடிகட்டிய தண்ணீர் வழக்கத்தைவிடக் கலங்கலாக வந்தது. ஆனாலும் அது சட்டம் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. அதனால் யாரும் பயப்படவில்லை. கிருமி தப்பி வந்துவிட்டது!

அன்று மாலையே மேயர் உத்தரவிட்டார்: "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்." இரண்டு நாளில் தெற்கு நிலையம் மூடப்பட்டது.

அதற்குள் சுமார் 4 லட்சத்து 3 ஆயிரம் பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் 50-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயால் உடலின் எதிர்ப்புச் சக்தியை இழந்திருந்தவர்கள். பிறகு அந்த நகரம் கோடிக்கணக்கில் செலவு செய்து, கிருமியைக் கொல்லும் ஓசோன் வாயுவைத் தண்ணீரில் செலுத்த ஏற்பாடு செய்தது.

பழச்சாற்றிலும் வரும்!

அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவில் ஆப்பிள் சாறு கொடுத்தார்கள். காய்ச்சாத சாறு. மாடு மேயும் இடத்தில் உதிர்ந்த பழங்களும் அதில் சேர்ந்திருந்தன. குடித்தவர்களில் 150-க்கு மேற்பட்டோர் இதே நோயில் விழுந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

தண்ணீரைச் சூடாக்கினால் போதாது. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். கொதித்தால் இந்தக் கிருமி செத்துவிடும். ஆறிய தண்ணீரைப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். அதில் கையை விட்டு மொள்ளாதீர்கள். கழிப்பிடம் போய் வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

விறகும் நேரமும் செலவாகிறதே என்று பார்க்காதீர்கள். ஒரு நிமிடக் கொதி, ஓர் உயிரைக் காக்கும்!