வீட்டுக்கோர் கோப்பித் திரிகை

சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணியில் மார்கழியில் தொடங்கி வைகாசி வரையில் யாத்திரிகர் கூட்டம் ஓய்வதில்லை. நள்ளிரவில் படியேறுவோர் குளிருக்கு அஞ்சி வழிக்கடைகளில் நின்று ஏதேனும் சூடாகப் பருகிய பின்னரே மேலே நடப்பர். எத்திசை நோக்கினும் தேயிலை. ஆயினும் கோப்பி கேட்போரும் உண்டு. இம்மலைநாட்டிற்கும் கோப்பிக்கும் உள்ள உறவு தேயிலை உறவினும் மூத்ததன்றோ! 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து கடலும் காடும் கடந்து நம் மூதாதையர் இங்கு வந்தது கோப்பிச் செடிகளின் பொருட்டே. 1869இல் இலைத்துரு நோய் தோன்றி இருபதே ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களைப் பாழாக்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. எஞ்சிய கோப்பி, வேலியோரத்திலும் வீட்டுத் தோட்டத்து மரநிழலிலும் ஒதுங்கிப் பிழைத்தது.

அப்படிப் பிழைத்த செடிகளின் பழத்தைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டுத் தோல் நீக்கி, தாச்சியில் வறுத்தெடுக்கும் வீடுகள் மலையகத்தில் இன்றும் உள்ளன. இத்தனை பாடுபட்டு எடுத்த கொட்டை, கோப்பையில் வந்து சேரும்போது சில வீடுகளில் கைப்பாகவும் சில வீடுகளில் வெறும் நீராகவும் போய்விடுகின்றது. குற்றம் கொட்டையில் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் குற்றம் அரைப்பதிலேயே இருக்கின்றது.

இதன் காரணம் எளிது. கொதிநீர், தூளின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிச் சென்று சாரத்தைக் கவர்ந்து வருகின்றது. துகள் சிறிதாயின் சாரம் விரைவில் இறங்கும்; பெரிதாயின் மெல்ல இறங்கும். ஒரே கோப்பையில் மாவு போன்ற துகளும் குருணை போன்ற துகளும் கலந்து கிடந்தால், மாவு தன் கைப்பு முழுவதையும் கக்கி முடிக்கும். குருணையோ தன் இனிய சாரத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே அடியில் தங்கிவிடும். ஆகவே கோப்பிக்கு வேண்டுவது நுண்மை மட்டுமன்று. எல்லாத் துகளும் ஓரளவாக இருத்தலே முதன்மை.

கடைகளிற் காணும் மலிவான மின்னரைப்பான்களில் ஓர் அலகு சுழலும். அது கொட்டையை அரைப்பதில்லை, வெட்டுகின்றது. எதிர்ப்பட்டதை எல்லாம் வெட்டும். முன்னரே வெட்டியதையும் மறுபடி வெட்டும். எனவே தூளும் துண்டமும் கலந்தே வரும். நெடுநேரம் ஓடவிட்டால் சூடேறி மணமும் குன்றும். இவ்வகை இயந்திரம் ஏற்கனவே வீட்டிலிருந்தால் எறிந்துவிட வேண்டுவதில்லை. நாலைந்து விநாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மீண்டும் ஓட்டி, பின்னர் அரிதட்டில் சலித்தால் ஓரளவு நன்மை கிடைக்கும். ஆனால் புதிதாகப் பணம் கொடுத்து வாங்குவோர் இதனை வாங்குதல் தகாது என்பதே என் கருத்து.

வாங்கத் தக்கது நம் பாட்டிமாரின் திரிகையை ஒத்தது. திரிகையில் இரண்டு கற்கள், இடையே தானியம். கோப்பித் திரிகையில் கற்களுக்குப் பதிலாகப் பல்வைத்த இரண்டு சில்லுகள். ஒன்று அசையாது நிற்க, மற்றொன்று சுழலும். மேல்வாயில் அகன்றிருக்கும் இடைவெளி கீழே செல்லச்செல்லக் குறுகும். கொட்டை முதலில் உடைந்து, பின்னர் நொறுங்கி, அடியிலுள்ள இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்த பிறகே வெளியேற இயலும். இடைவெளியைத் திருகாணியாற் கூட்டலாம், குறைக்கலாம். பிரான்சு நாட்டின் பூஜோ நிறுவனம் மோட்டார் வண்டி செய்யப் புகுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1840இல், கைப்பிடியாற் சுழற்றும் இத்தகைய கோப்பித் திரிகையைச் செய்து விற்றது. ஜெர்மனியின் சாசன்ஹவுஸ் நிறுவனம் 1867இல் தோன்றியது. லூல்கந்துரைத் தேயிலைக்கும் அதுவே ஆண்டு என்பது ஒரு வேடிக்கை. மேசை விளிம்பிற் பூட்டிச் சுழற்றும் வார்ப்பிரும்பு இயந்திரத்தைப் பழைய வீடுகளிற் பார்த்தவர்களுக்கு இவையெல்லாம் ஒரு குடும்பத்தவை என்பது விளங்கும்.

மின்சாரமா, கையா? ஐந்தாறு பேருக்கு இருவேளையும் கோப்பி போடும் வீட்டில், மின்சாரத் திரிகை கைவலியைத் தீர்க்கும் என்பது உண்மையே. ஆயினும் சில்லு நன்றாயமைந்த மின்சாரத் திரிகையின் விலை பல நாட் சம்பளத்தை விழுங்கிவிடும். அதே பணத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகச் செலவிட்டாலும் தரமான சில்லுள்ள கைத்திரிகை ஒன்று அகப்படக்கூடும். ஏனெனில் அதில் மோட்டாருக்குக் கொடுக்கும் விலை இல்லை. மேலும் 2022ஆம் ஆண்டின் மின்வெட்டை மறந்தவர் யார்? அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் நின்றது. மவுசாகலை நீர்த்தேக்கம் கண்ணெதிரே கிடக்க, விளக்கின்றி இருந்த வீடுகளில் கைத்திரிகை தன் பாட்டிற் சுழன்றிருக்கும்.

கைத்திரிகை வாங்குவோர் முதலில் தம் வீட்டின் தேவையைக் கணக்கிடுக. ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ 60 கிராம் தூள் என்பது பலரும் கொள்ளும் அளவு. ஐவருக்கு 150 மில்லிலீற்றர் வீதம் 750 மில்லிலீற்றர் வேண்டின், கொட்டை 45 கிராம் ஆகும். அழகிய சிறு உருளை வடிவில் வரும் திரிகைகள் பல 20 அல்லது 30 கிராமுக்கு மேல் கொள்ளா. ஒருவருக்கோ இருவருக்கோ அவை போதும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்க்கு மிகவும் ஏற்றவை. குடும்பத்திற்கோ பெட்டி வடிவினதோ மேசையிற் பூட்டுவதோ நன்று. மேசையிற் பூட்டுவதாயின், உங்கள் மேசைப்பலகையின் கனத்தை அளந்துகொண்டு அட்டன் நகருக்குப் பஸ் ஏறுங்கள்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது வெளிப்பூச்சையும் மினுக்கத்தையும் விட்டுவிடுங்கள். கைப்பிடியை மெல்லப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நடு அச்சு ஆடுமாயின், சில்லுகளின் இடைவெளி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் போகும். பிறகு அரைப்பு சீராகுமா? நல்ல திரிகையின் அச்சை மேலும் கீழும் தாங்கிகள் பிடித்திருக்கும். அடுத்து, திருகாணி படிப்படியாக நின்று நின்று நகர்கின்றதா, அரைக்கும்போது தானாகத் தளர்கின்றதா என்று கேளுங்கள். கழற்றித் துடைத்து மீண்டும் பூட்ட முடியாத திரிகை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். பழைய கோப்பியின் எண்ணெய் உள்ளே தங்கி ஊசிப்போய்ப் புதுத்தூளையும் கெடுக்கும்.

சில்லு உருக்கா, பீங்கானா என்பது நம் பகுதியில் சற்று நின்று எண்ணத்தக்கது. மூடுபனியும் மழையும் மிகுந்த இடத்தில் பீங்கான் துருப்பிடிப்பதில்லை என்பது பெரும் நன்மை. ஆனால் வீட்டில் உலர்த்திய கொட்டையில் சிறு கல் இருப்பது அரிதன்று. ஒரு கல் அகப்பட்டாற் பீங்கான் பல் உடைந்துவிடும். உருக்குப் பல்லோ பெரும்பாலும் ஒரு சிறு காயத்துடன் தப்பும். கடையில் வாங்கும் சுத்தமான கொட்டைக்குப் பீங்கான் போதும். வீட்டுக் கொட்டைக்குத் துருப்பிடியாத உருக்கே தக்கது. அதுவும் சுளகிற் புடைத்துப் பொறுக்கிய பின்னரே. எதுவாயினும் நீரிற் கழுவ வேண்டாம். உலர்ந்த தூரிகையே போதும்.

இன்னொன்று இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கலந்த கோப்பி நம்மவருக்கு இனியதே. எனினும் அவற்றைத் திரிகையில் இடாதீர்கள். வேர்க்கொம்பின் நார் சில்லிற் சிக்கிக்கொள்ளும். மல்லி வாடை பல நாள் போகாது. அவற்றை உரலிலோ அம்மியிலோ தனியே தூளாக்கி, கோப்பி ஊற்றும் வேளையிற் கலந்துகொள்ளலாம்.

ஒரு மாதத்துக்கான தூளை ஒரே நாளில் அரைத்துப் போத்தலில் அடைப்பதும் வேண்டாம். தூள் ஈரத்தை விரைவில் உறிஞ்சும். மணம் சில நாட்களிற் பறந்துவிடும். வறுத்த கொட்டையாகவே காற்றுப்புகாமல் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை அரைப்பதற்காகத்தான் இத்திரிகையை வாங்குகின்றோம்.

வாங்கி வந்ததும் முதல் இரண்டு பிடிக் கொட்டையை அரைத்து எறிந்துவிடுங்கள். புது இயந்திரத்தின் எண்ணெய்ப்பசை அதனோடு போகும். பின்னர் இடைவெளியை அகல வைத்துத் தொடங்கி, கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே சிறிது சிறிதாக இறுக்குங்கள். பித்தளை வடிகலத்துக்குச் சீனி மணலைப் போன்ற பருமனும், தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றித் தெளியவைக்கும் நம் வீட்டு முறைக்கு அதனிலும் நுண்மையும் ஏற்றவை. கோப்பி கைத்தால் ஒரு படி தளர்த்துங்கள்; புளிப்பாகவோ நீராகவோ இருந்தால் ஒரு படி இறுக்குங்கள். நாலைந்து நாளில் உங்கள் வீட்டு நாவுக்கு ஏற்ற இடம் அமையும். அவ்விடத்தில் திருகாணியின் மீது சிறிது நகப்பூச்சால் ஓர் அடையாளம் இட்டுவிட்டால், பிள்ளைகள் அரைத்தாலும் அளவு மாறாது.