வீட்டுச் சர்வரும் சுவடிப் பெட்டியும்

ஓலைச்சுவடிகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். சுவடிகளைப் பற்றி எழுதக் கற்றறிந்த பெரியோர் பலர் இருக்கிறார்கள். கல்லூரிப் படி ஏறாதவனும், மான்குர்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாத்திரக்கடை நடத்துபவனுமாகிய நான், சுவடியை வைக்கும் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் இந்தக் காலத்துப் பெட்டி. வீட்டுச் சர்வர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இதில் எனக்கு அக்கறை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் நாலு பேருக்கு நாலடியார் சொல்வார். 1980களில் அதை 60 கேசட்டுகளில் பதிந்து வைத்தேன். வேறு இரண்டு கேசட்டுகளில் என் அம்மா பாடிய தாலாட்டும் தோத்திரப் பாட்டும் இருந்தன. எல்லாம் வந்தவாசிப் பக்கத்துப் பாட்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் தரைத்தள வீட்டில் முழங்கால் தண்ணீர். டிரங்குப் பெட்டியில் இருந்த அப்பாவின் கையெழுத்துக் குறிப்புகள் கூழாகிப் போயின. பரணில் இருந்ததால் கேசட்டுகள் தப்பின.

2012இல் அவற்றை ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றினேன். "இனிமே இது எதுக்கு?" என்று கேசட்டுகளைப் பங்கார்வாலாவிடம் போட்டுவிட்டேன். 2018இல் அந்த டிஸ்க் என் கை தவறித் தரையில் விழுந்தது. பணம் செலவழித்து மீட்டதில் அப்பாவின் 56 பேச்சுகள் கிடைத்தன. அம்மாவின் குரல் கிடைக்கவில்லை. மழைக்குத் தப்பியதை நானே தொலைத்தேன். அதன் பிறகுதான் இந்தப் பெட்டி விஷயத்தை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

சர்வர் என்பது என்ன?

இரவு பகல் அணையாமல் ஓடும் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான் சர்வர். அதை ரௌட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள டிவி, போன், லேப்டாப் எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, காப்பது, போனில் எடுத்த படங்கள் தாமாகவே அதில் வந்து சேரும். மற்றது, பரிமாறுவது, பாட்டையும் படத்தையும் கேட்ட இடத்துக்கு அனுப்பும். பரிமாறும் வேலைக்கு ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்கள் உண்டு. ஜெல்லிஃபின் 2018இல் தொடங்கியது, முழுக்க இலவசம்.

முதலில் சரக்கைக் கணக்கெடுங்கள்

சரக்கைப் பார்க்காமல் கிடங்கு பிடிப்பவன் வியாபாரி அல்ல. ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சுருக்காமல் சேமித்தால் சுமார் 600 எம்பி. ஒரு ஏ4 பக்கத்தை 300 புள்ளி நுட்பத்தில் வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் 26 எம்பி. போன் படம் ஒன்றுக்கு 4 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கணக்கு இது: அப்பாவின் 56 பேச்சுகள் 35 ஜிபி, பழம் புத்தகங்களின் 4,000 பக்கங்கள் 104 ஜிபி, குடும்பப் படங்கள் 50,000, அதாவது 200 ஜிபி, கல்யாண வீடியோக்கள் 160 ஜிபி. ஆக மொத்தம் 500 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. என் பேரன், "தாத்தா, நாலு டிஸ்க் போடற பெட்டியே வாங்கிடலாம்" என்றான். "நம்மகிட்ட இருக்கறதே அரை டிபிதானேடா" என்றேன். தேவைக்கு மேல் சேர்க்காதே என்பது சமணர்களுக்குப் புதிய பாடமல்ல. 4 டிபி டிஸ்க் இரண்டு எனக்குத் தாராளம்.

ஒரு சிறு குறிப்பு. 4 டிபி டிஸ்கைக் கம்ப்யூட்டர் 3.6 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1,024ஆக எண்ணுகிறது. படிக்கல்தான் வேறு, எடை குறையவில்லை.

எந்தப் பெட்டி?

லாமிங்டன் ரோட்டில் விசாரித்தால் மூன்று வழி சொல்வார்கள். முதலாவது, நாஸ் எனப்படும் தயார்ப் பெட்டி. சினாலஜி, க்யூநாப் போன்றவர்கள் செய்கிறார்கள். டிஸ்கைச் செருகிவிட்டால் மற்றதை அதுவே கேட்டுக் கேட்டு அமைத்துக்கொள்ளும். இரண்டாவது, இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள மினி கம்ப்யூட்டர். விலையைப் பார்த்தால் வலிமை அதிகம். ஆனால் மென்பொருளை நாமே ஏற்றிப் பராமரிக்க வேண்டும். மூன்றாவது, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்.

பழையது இனாம்தானே என்று தோன்றும். மின்சாரத்தைக் கணக்குப் போடுங்கள். 70 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் ஆண்டு முழுதும் ஓடினால் 613 யூனிட். 20 வாட் இழுக்கும் சிறு பெட்டி 175 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். இனாம் மாடு தீனியில் தன் விலையை வாங்கிவிடும்.

இன்னொரு நுணுக்கம். ஒரு வீடியோவின் வடிவம் டிவிக்குப் புரியாவிட்டால், சர்வர் அதை ஓட ஓடவே மொழிபெயர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். எச்.265 வடிவப் படங்களும் பழைய டிவிகளும் சேரும் இடத்தில் இந்தச் சிக்கல் வரும். மொழிபெயர்க்கும் வசதி இன்டெல் என்100 போன்ற சிப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. பல நாஸ் பெட்டிகளில் இல்லை. ராஸ்ப்பெரி பை 5இலும் இல்லை. உங்களுக்கு அது தேவையா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. படத்தைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். தடங்கலின்றி ஓடினால் பெரும்பாலும் சாதாரணப் பெட்டியே போதும். என் வீட்டில் ஓடியது. அதனால் இரண்டு டிஸ்க் போடும் ஒரு தயார்ப் பெட்டியை வாங்கினேன். நான் இல்லாத காலத்திலும் மருமகளால் அதைப் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்திலுள்ளதையும் எழுத வேண்டி வருவதால் தாமதமாகும். திடீர் மின்வெட்டுக்குச் சிறு யுபிஎஸ் ஒன்று அவசியம். பெட்டியை உயரத்தில் வையுங்கள். 2005 எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு படி ஆகிவிடுமா?

ஆகாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். ரெய்டு 1 என்ற முறையில் இரண்டு டிஸ்கிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதுவார்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளமோ திருட்டோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 2021இல் க்யூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்ற தீநிரல்கள் இணையத்துக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டன. ஆகவே சர்வரை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் விபிஎன் வழியாகப் பாருங்கள்.

வீரசேனர் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய தவளா என்னும் பேருரையின் சுவடிகள் நெடுங்காலம் மூடபித்ரி என்ற ஒரே ஊரில் தங்கியிருந்தன. வெளியே படி கிடையாது. அங்கு ஒரு தீ விபத்து நேர்ந்திருந்தால் நூலே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் படியெடுக்கத் தொடங்கிய பிறகுதான் வழி பிறந்தது. முதல் தொகுதி 1939இல், இதே மகாராஷ்டிரத்து அமராவதியில் அச்சேறியது. இதற்கு நேர்மாறானவர் 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்ற அம்மையார். பொன்னனின் சாந்திபுராணத்தை 1,000 படிகள் எழுதுவித்துத் தானம் செய்தார் என்பது வரலாறு. பெட்டியின் உறுதியை நம்பாமல் படிகளின் எண்ணிக்கையை நம்பினார் அந்த அம்மையார்.

இன்று கணினி அறிந்தவர்கள் சொல்லும் 3-2-1 விதியும் இதுவேதான். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். இதற்குப் பெரிய செலவு வேண்டாம். உங்கள் சரக்கைத் திரும்பக் கிடைப்பது, கிடைக்காதது என்று இரண்டாகப் பிரியுங்கள். சினிமா மறுபடி கிடைக்கும், அதற்கு ஒரு படி போதும். அப்பாவின் பேச்சு மறுபடி கிடைக்காது. பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் சிறிய பெட்டியும், வெளியே வைக்க இரண்டு டிஸ்குகளும் வாங்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு டிஸ்க் பீரோவில், ஒரு டிஸ்க் வந்தவாசியில் தங்கை வீட்டில். சுருத பஞ்சமி அன்று சமணர்கள் நூல்களை வெளியே எடுத்துத் தூசி தட்டி வழிபடுவார்கள். மும்பையில் மழை இறங்குவதை ஒட்டி வரும் நாள் அது. அன்று நான் டிஸ்குகளையும் எடுத்துச் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து கேட்டுப் பார்க்கிறேன். திறந்து பார்க்காத படி, படியே அல்ல.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட்டுகள் இருக்கும். எந்தச் சர்வர் என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை பங்கார்வாலா வந்தால், அந்தப் பையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.